செவ்வாய்க்கிழமைப் பாண்

என் மகனுக்கு,

மேல்மாடியில் நீ கலியாணச் சட்டையை அயன் பண்ணிக்கொண்டிருக்கிறாய். கீழே குசினி மேசையில் இருந்து நான் உனக்குக் கடிதம் எழுதுகிறேன். "வாயாலை சொன்னால் என்ன, பிள்ளை மேலைதானே நிக்கிறான்" என்று அப்பா இரண்டு தரம் கேட்டுவிட்டார். வாயால் சொல்லத் தொடங்கினால் நான் அழுவேன். நீ "சரியம்மா, சரியம்மா" என்று சொல்லிக்கொண்டு கார்த் திறப்பைத் தேடத் தொடங்குவாய். கடிதம் என்றால் அப்படித் தப்பி ஓட முடியாது. வருகிற சனிக்கிழமை உனக்குக் கலியாணம். அடுத்த கிழமை நீயும் ஷரோனும் ஒஷாவாவுக்குக் குடிபோகிறீர்கள். போன பிறகு நீ கிழமைக்கு ஒருமுறை வருவாய், சாப்பிடுவாய், 401 நெடுஞ்சாலையில் சனம் என்று சொல்லி வெளிக்கிட்டுவிடுவாய். உன்னை இருத்தி வைத்துக் கதை சொல்ல எனக்கு இனி நேரம் கிடைக்கப்போவதில்லை. இதை நான் உறையில் போட்டு ஒட்டவும் மாட்டேன். ஷரோன் வாசிக்கலாம், அவளுடைய அம்மா வாசிக்கலாம், கோயிலில் எனக்குப் பக்கத்தில் இருக்கிறவர்களும் வாசிக்கலாம். மறைத்து மறைத்து நான் பட்ட பாடு போதும்.

எழுத வைத்தவள் ஷரோன்தான். போன ஞாயிற்றுக்கிழமை நீயும் அப்பாவும் மண்டபத்துக் கதிரைகளைப் பார்க்கப் போயிருந்தபோது அவள் குசினிக்குள் வந்து, நான் அரிசி கழுவுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, "அன்ரி, அன்ரன் என்னட்டை எல்லாம் சொல்லீற்றார்" என்றாள். "த ஜங்கிள், த ரிவர், எவ்ரிதிங்." நான் குழாயை மூடினேன். நீ விமானத்தில் நேராக வந்து இறங்கினாய் என்றுதான் ஷரோன் வீட்டாருக்குச் சொல்லி வைத்திருந்தோம். உன் வாயிலிருந்து அந்தக் காடு வெளியில் வரும் என்று நான் எண்ணவேயில்லை. வந்து இத்தனை வருடத்தில் என்னிடமே நீ முழுதாகச் சொன்னதில்லை. கலியாணம் குழம்பப்போகிறது என்று நினைத்தேன், பொய் சொல்லவில்லை. அந்தப் பிள்ளையோ கோபிக்கவுமில்லை, அழவுமில்லை. என் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்த டைம் நீங்கள் என்ன செய்தனீங்கள், அன்ரி?" என்று கேட்டாள்.

மகன், அந்தக் கேள்வியை என்னிடம் ஒருவரும் கேட்டதில்லை. நீயும் கேட்கவில்லை. காட்டில் நடந்தவன் நீ, ஆகவே கதையும் உன்னுடையது என்று நானும் வாயைப் பொத்திக்கொண்டிருந்துவிட்டேன். நீ உன் பாதியைச் சொல்லிவிட்டாய். இது என்னுடைய பாதி.

உன்னை நான் மன்னாரில் மாமா வீட்டில் விட்டுவிட்டு வந்தது உனக்குத் தெரிந்த கதை. அப்பாவுடைய கடதாசிகள் சரிவந்து அவர் எங்களை ரொறன்ரோவுக்குக் கூப்பிட்டபோது நீ வயது கடந்துவிட்டாய். தாய் வரலாம், நீ வரக்கூடாது என்றார்கள். பிறகு கூப்பிடலாம் என்று எல்லோரும் சொன்னார்கள். அந்தப் 'பிறகு' வரவேயில்லை. நீயும் பொறுத்துப் பார்த்தாய். ஒருநாள் பிரேசிலில் இருந்து போன் எடுத்து, "அம்மா, நான் வெளிக்கிட்டிட்டன்" என்றாய். கேட்டால் விடமாட்டேன் என்று தெரிந்துதான் கேட்காமல் வெளிக்கிட்டாய். அங்கேயிருந்து எங்கெங்கோ பஸ்ஸில் வந்து, கொலம்பியாவின் கடற்கரையில் ஒரு சின்ன ஊரில் நின்று மறுபடியும் எடுத்தாய். பின்னால் சனம் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. "நாளைக்குப் போட்டிலை ஏத்துவினம். அதுக்குப் பிறகு காடு. கொஞ்ச நாளைக்குப் போன் வேலை செய்யாது. பயப்பிடாதேங்கோ." நான் என்ன சொன்னேன் தெரியுமா? "குளிராமல் போர்த்துக்கொண்டு போ" என்றேன். எனக்குத் தெரிந்த காடு மடுக் கோயிலுக்குப் போகிற வழியில் இருக்கிற காடுதான். அங்கே விடியப்புறம் குளிரும்.

டாரியன் என்ற பெயரை முதலில் சொன்னவர் அப்பா. வேலையால் வந்து சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் போனில் மேப்பைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருப்பார். "இஞ்சேரும், இதைப் பாரும். மேலை அலாஸ்காவிலை தொடங்கிக் கீழை ஆர்ஜென்ரீனா வரைக்கும் ஒரே றோட்டு. கொலம்பியாவுக்கும் பனாமாவுக்கும் இடையிலை, இந்தத் துண்டிலை மட்டும் றோட்டில்லை. விட்டிட்டாங்கள்!" அவர் அதைச் சொன்ன விதத்தைக் கேட்டால், யாரோ ஒரு கொந்தராத்துக்காரன் காசை வாங்கிவிட்டு உன் அப்பாவை ஏமாற்றிவிட்டான் என்று நினைப்பாய். எவ்வளவு பெரிய நாடுகள், ஒரு துண்டு ரோட்டுப் போடத் தெரியவில்லையா என்று அவருக்குக் கோபம். சேறு, மலை, ஆறு, பாம்பு, கள்ளர் என்று போனில் ஒவ்வொன்றாக வாசிப்பார். நான் சத்தம் போட்டதும் நிறுத்துவார். சாப்பிட்டு முடிந்ததும் மறுபடி தொடங்குவார். அந்த மேப்பில் அந்த இடம் முழுக்கப் பச்சை. கோடில்லை, ஊர்ப்பெயர் இல்லை. நீ எங்கே நிற்கிறாய் என்று விரல் வைத்துக் காட்ட ஒரு புள்ளிகூட இல்லை.

இப்போது எங்களுடைய ஆட்களின் வழக்கத்துக்கு வருகிறேன். எங்களில் ஒருவர் பயணம் வெளிக்கிட்டால் போய்ச் சேரும்வரை வாய் திறக்கக்கூடாது. சொன்னால் நாவூறு படும், போகிற காரியம் குழம்பும். இதை எனக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை, உப்புப் புளி போடுகிறது போல் தானாகப் பழகியது. போதாக்குறைக்கு உன்னை அனுப்பிய ஏஜென்சிக்காரனும், "ஒருத்தருக்கும் மூச்சு விடக்கூடாது, விட்டால் முழுக் குறூப்பும் பிடிபடும்" என்று அப்பாவை வெருட்டி வைத்திருந்தான். ஆகவே உலகத்துக்கு நீ கொழும்பில் ஹோட்டல் வேலை படித்துக்கொண்டிருந்தாய். நான் அதை எவ்வளவு நன்றாகச் சொன்னேன் என்றால், உனக்கு அங்கே கேக் அடிக்கப் பழக்குகிறார்கள் என்று ஒருநாள் நானே சேர்த்துச் சொன்னேன்.

அந்தப் பொய்யை நான் அதிகமாகச் சொன்னது ஜெசிந்தாவிடம். எங்கள் வரிசையில் கடைசி வீட்டு ஜெசிந்தாதான். உன்னைக் கண்டால் இன்றைக்கும் கன்னத்தைக் கிள்ளுகிறாளே, அவளேதான். அப்போதும் நாங்கள் இருவரும் விமானங்களுக்குச் சாப்பாடு அடைக்கிற அந்தக் கொம்பனியில் ஒரே மேசையில் எதிரெதிரே நின்று வேலை செய்தோம். நான் தட்டில் பழத்தை வைப்பேன், அவள் மூடியைப் போடுவாள். செவ்வாய்க்கிழமைகளில் வேலை முடிந்து அவளுடைய காரில் அந்தோனியார் கோயிலுக்குப் போவோம். எனக்குக் கார் ஓடத் தெரியாது. அவளுக்குத் தனியே போகப் பிடிக்காது. காணாமல் போன பொருளைக் கண்டுபிடித்துத் தருகிறவர் அந்தோனியார் என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவள் நான். நீ காட்டுக்குள் போன நாளிலிருந்து அவரைப் பிடித்துக்கொண்டேன். காலையில் தேத்தண்ணி வைக்கும்போதே தொடங்கிவிடுவேன். அப்பாவுக்கு ஒருநாள் பொறுக்கவில்லை. "உமக்கென்ன விசரே? திறப்புக்கோர்வை துலைஞ்சாலும் அந்தோனியார், பிள்ளை துலைஞ்சாலும் அந்தோனியாரோ?" என்றார். துலைஞ்சால் என்ற சொல் வாயால் வந்ததும் அவருக்கே விளங்கிவிட்டது. சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு எழும்பிப் போனார்.

நீ காட்டுக்குள் போன பிறகு வந்த முதல் செவ்வாய்க்கிழமை, கோயிலால் திரும்பி வரும்போது நல்ல மழை. ஜெசிந்தா கண்ணாடியைத் துடைக்கிற வைப்பரைப் போட்டுக்கொண்டு, ரோட்டைப் பார்த்தபடியே கேட்டாள்.

"அக்கா, உங்கடை பக்கத்திலை ஆரேன் பிள்ளையள் இப்ப வெளிக்கிட்டு வருகினமோ?"

யாரோ மூச்சு விட்டுவிட்டார்கள், இவள் மணந்து பிடித்துக்கொண்டு வந்து என் வாயைக் கிண்டுகிறாள் என்று நினைத்தேன்.

"ஏன் கேக்கிறீர்?"

"சும்மாதான் அக்கா. கனபேர் வருகினமாம் எண்டு கதைக்கினம்."

"எங்கடை குடும்பத்திலை அப்பிடிக் காடு வழிய நடந்து வாற ஆக்கள் ஒருத்தரும் இல்லை" என்றேன். அதோடு விட்டேனா? "என்ரை மகன் கொழும்பிலை படிக்கிறான், உமக்குத் தெரியும்தானே. அவனுக்கு உந்தத் தலைவிதி இல்லை."

"ஓமோம், தெரியும்" என்றாள் ஜெசிந்தா. பிறகு றேடியோவைப் போட்டாள். வீடு வரும்வரை இருவரும் அதையே கேட்டுக்கொண்டு வந்தோம்.

நீ அந்த நேரத்தில் எந்த ஆற்றில் நின்றாயோ எனக்குத் தெரியாது. நான் காரில் ஹீற்றரைப் போட்டுக்கொண்டு இருந்து, நீ என்னுடைய குடும்பத்திலேயே இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தேன். இயேசுவைத் தெரியாது என்று மறுத்த இராயப்பருக்காவது சேவல் கூவி ஞாபகப்படுத்தியது. நாங்கள் இருக்கிற ரெக்ஸ்டேலில் சேவல் எங்கே இருக்கிறது? வீட்டுக்கு வந்து அப்பாவிடம், ஜெசிந்தாவைச் சமாளித்துவிட்டேன் என்று பெருமையாகச் சொன்னேன். "நல்லது, நல்லது" என்றார் அவர்.

சொன்ன நாட்கள் முடிந்தன. நீ எடுக்கவில்லை. ஏஜென்சிக்காரன் போனை அடித்துவைத்துவிட்டான். அப்பா மேப்பைப் பார்ப்பதை நிறுத்தினார். அது இன்னும் பயமாக இருந்தது. அவர் கோபப்பட்டுக்கொண்டிருந்தபோது, அந்தப் பச்சைக்குள் நீ எங்கேயோ நடந்துகொண்டிருக்கிறாய் என்ற நம்பிக்கை வீட்டில் இருந்தது. வேலையில் நான் ஒரே தட்டில் இரண்டு பழம் வைத்தேன், அடுத்த தட்டை வெறுமனே விட்டேன். ஜெசிந்தா எட்டித் திருத்தி மூடி போட்டாள். அவளுடைய முகமும் அந்த நாட்களில் வீங்கித்தான் இருந்தது. ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் அவளும் என்னைக் கேட்பாள் என்ற பயம். ஒரு மேசைக்கு இரண்டு பக்கமும் நின்று, ஒரே காட்டை நினைத்து, இரண்டு பொம்பிளையள் வாய் பேசாமல் சாப்பாடு அடைத்தோம்.

அடுத்த செவ்வாய்க்கிழமை காருக்குள் ஏறினால் பேக்கரி வாசம். பின் சீற்றில் பெரிய பெட்டியில் உருண்டை உருண்டையாகப் பணிஸ். உனக்குத் தெரியும், அந்தோனியாருக்கு நேர்ந்துகொண்டு காரியம் கைகூடினால் செவ்வாய்க்கிழமையில் கோயில் வாசலில் நின்று பாண் கொடுப்பது எங்கள் வழக்கம். இங்கே பாணை வெட்டிக்கொண்டு நிற்க வசதியில்லை என்று எல்லோரும் அதை ஆளுக்கொரு பணிஸாக்கிவிட்டார்கள். ஜெசிந்தாவுடைய முகத்தைப் பார்த்தேன். தலையை வாரி இழுத்து, பொட்டுத் தோடு போட்டு, கழுவித் துடைத்த மாதிரி இருந்தாள். பூசை முடிந்து வாசலில் நின்று ஒவ்வொருவருக்கும் சிரித்துச் சிரித்துக் கொடுத்தாள். நேர்த்தி என்னத்துக்கு என்று கேட்பது எங்களில் வழக்கமில்லை. கேட்டால் பலன் குறையும் என்று யார் எப்போது சொன்னார்களோ தெரியாது, ஒருவரும் கேட்பதில்லை. வாங்குகிறவர் நெற்றியில் சிலுவை போட்டுவிட்டுப் போவார். நானும் வாங்கினேன். வாங்கும்போது எனக்குள் வந்தது சுத்தமான எரிச்சல். இவளுடைய புருசனுக்கு வேலை கிடைத்ததோ, வீட்டு லோன் சரிவந்ததோ, அதற்கெல்லாம் காது கொடுக்கிறீர், என்னுடைய பிள்ளைக்கு மட்டும் உமக்கு நேரமில்லையோ என்று அந்தோனியாரிடம் நேராகவே கேட்டேன். காருக்குள் பாதிப் பணிஸைத் தின்றேன். மற்றப் பாதியைக் கடதாசியில் சுற்றிக் கைப்பைக்குள் வைத்தேன்.

அந்தப் பணிஸ் நீ காட்டால் வெளியில் வந்ததற்குக் கொடுத்தது, மகன். அதைத் தின்றுகொண்டே நான் நீ செத்துப் போனாய் என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் கதவில் இடி இடிக்கிற மாதிரிச் சத்தம். அப்பா திறந்தார். ஜெசிந்தா சப்பாத்தோடு உள்ளே வந்தாள். எங்களுடைய வீட்டுக்குள் அவள் ஒருநாளும் சப்பாத்தோடு வந்ததில்லை. கையில் போன். மூச்சு வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்துச் சொன்னாள்:

"அக்கா, நான் அண்டைக்குக் காடெண்டு சொல்லேல்லை."

"என்ன?"

"காருக்குள்ளை. வெளிக்கிட்டு வருகினமோ எண்டுதான் கேட்டனான். காடெண்டு சொன்னது நீங்கள்."

சண்டைக்கு வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். அப்பா என்னைப் பார்த்த பார்வையில் நான் எரிந்திருக்க வேண்டும். "எனக்கு அப்ப விளங்கேல்லை" என்று சொல்லிக்கொண்டு அவள் கதிரையில் இருந்துவிட்டாள். "என்ரை தம்பியும் அதுக்குள்ளைதான் நிண்டவன் அக்கா. கட்டாரிலை எண்டு உங்களுக்குப் பொய் சொன்னனான். போன திங்கட்கிழமை, வெளியிலை வந்திட்டன் எண்டு மெசேஜ் போட்டவன். அதுக்குத்தான் பணிஸ் குடுத்தனான். இண்டைக்குக் காம்பிலை இருந்து படம் அனுப்பியிருக்கிறான். தன்னோடை வந்த பெடியன்ரை போன் ஆத்தோடை போயிட்டுதாம். தாய்ன்ரை நம்பர் பாடமில்லையாம். ஆரெண்டு தேடிப் பார் எண்டு எழுதியிருக்கிறான். தாய் ரொறன்ரோவிலையாம். செவ்வாய்க்கிழமையிலை அந்தோனியார் கோயிலுக்குப் போற மனுசியாம்."

போனை நீட்டினாள். கவிழ்த்துப் போட்ட வள்ளம் ஒன்றின் மேல் நீ இருந்தாய். யாருடையதோ ஒரு பெரிய ரீசேட் போட்டிருந்தாய். ஒரு காலில் துணி சுற்றியிருந்தது. கன்னம் இரண்டும் உள்ளே போயிருந்தன. கையில் ஒரு கப் நூடில்ஸ். யாரோ படம் எடுப்பது உனக்குத் தெரியவில்லை. வாயை அகலத் திறந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாய். எனக்கு அழுகை வரவில்லை, சிரிப்பு வந்தது. நிலத்தில் குந்தியிருந்து சிரித்தேன், நிறுத்த முடியவில்லை. அப்பா குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டார். அவர் உள்ளே என்ன செய்தார் என்று நான் இன்றுவரை கேட்கவில்லை. நான் கேட்காமல் விட்டதில் சரியான ஒன்று அதுதான்.

ஜெசிந்தா அந்த இடத்திலேயே தம்பிக்கு அடித்தாள். உன்னுடைய குரல் வந்தது. நீ "அம்மா" என்றாய். நான் இன்னும் சிரித்துக்கொண்டேயிருந்தேன், ஜெசிந்தாதான் என்னுடைய வேலையையும் சேர்த்துச் செய்தாள், சாப்பிட்டாயா, காலுக்கு மருந்து கட்டினார்களா என்று. வைத்த பிறகு எனக்குக் கைப்பை ஞாபகம் வந்தது. அந்தப் பாதிப் பணிஸ் கல்லாகக் காய்ந்து கிடந்தது. தேத்தண்ணி ஊற்றி, அதில் தோய்த்து, நான் ஒரு துண்டு, அப்பா ஒரு துண்டு, ஜெசிந்தா ஒரு துண்டு. அப்பா குளியலறையால் வந்து கேட்ட முதல் கேள்வி, "இது என்னத்துக்கு?" என்பது. எங்கள் மூன்று பேரில் அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும் என்று தெரிந்த ஒரே ஆள் அவர்தான்.

நானும் அவளும் ஒருவரையொருவர் நம்பி ஒரு சொல் சொல்லியிருந்தால், நீ வெளியில் வந்த அன்றைக்கே எனக்குத் தெரிந்திருக்கும். ஜெசிந்தாவும் தனியே பயந்து சாகத் தேவையில்லை. நாவூறு படும் என்று பயந்தோம். நாவூறு ஒன்றும் படவில்லை, பட்டதெல்லாம் எங்களுடைய வாய்ப்பூட்டால்தான். இதை நினைத்து நான் கனநாள் என்னையே ஏசினேன். இப்போது ஏசுவதில்லை. நீ உயிரோடு மேல்மாடியில் அயன் பண்ணிக்கொண்டிருக்கும்போது எனக்கு எல்லாவற்றையும் மன்னிக்க முடிகிறது, என்னையும் சேர்த்து.

அதற்குப் பிறகும் எத்தனை நாடு, எத்தனை மாதம், அமெரிக்காவில் தடுத்து வைத்தது, எல்லாம் உனக்குத் தெரியும். கடைசியில் நீ அமெரிக்க எல்லையில் இருக்கிற பாலத்தடிக்கு வந்தாய். தாய் இந்த நாட்டில் இருந்தால் வரலாம் என்பதால் என்னையும் கூப்பிட்டு ஒரு அறையில் இருத்தினார்கள். இவன் உன் மகன்தான் என்று எப்படித் தெரியும் என்று அந்தப் பெண் ஒபிசர் கேட்டாள். இடது புருவத்தில் தழும்பு இருக்கும், மாமாவின் சைக்கிளால் விழுந்தவன், விழுந்த பிறகு அழவில்லை, சைக்கிளைத்தான் உதைத்தான் என்றேன். காடு கடந்தவனா என்று அவள் கேட்டிருந்தால், ஓம் என்று அந்தக் கட்டடம் முழுக்கக் கேட்கச் சொல்லியிருப்பேன். பிறகு நீ ஒரு பிளாஸ்ரிக் பையோடு கதவால் வந்தாய். எத்தனையோ சொல்ல நினைத்து வைத்திருந்தேன். வாயில் வந்தது, "ஒரு போன் நம்பரைப் பாடமாக்கத் தெரியாதோ, மடையா!" என்பதுதான். தாய் என்ன சொல்கிறாள் என்று ஒபிசர் கேட்டாள். மொழிபெயர்க்க வந்த அந்த நல்ல மனுசன், "மகனை வரவேற்கிறா" என்று சொன்னார். அவருக்குப் பிள்ளைகள் இருந்திருக்க வேண்டும்.

இப்போது உனக்குப் புத்தி சொல்கிற இடம். ஷரோனுடைய நம்பரைப் பாடமாக்கு. போனுக்குள் இருக்கிறது என்று சொல்லாதே, ஆற்றுக்கு அது தெரியாது. எங்கே போகிறாய், எப்போது வருவாய் என்று சொல்லிவிட்டுப் போ, பால் வாங்கப் போனாலும். வேலையில் பிரச்சினை, உடம்பில் பிரச்சினை என்றால் அவளுக்குத் தெரியாமல் சமாளிக்கப் பார்க்காதே. சமாளிப்பதில் உன் தாயைவிடக் கெட்டிக்காரி ஒருத்தி இல்லை, சமாளித்து நான் என்ன கண்டேன் என்று மேலே எழுதியிருக்கிறேன். அந்தக் காட்டைப் பற்றி வெட்கப்படாதே. ஜெசிந்தாவின் தம்பி யூட் அண்ணைதான் உன்னை இழுத்துக் கரை சேர்த்தவர் என்று ஷரோனுக்குச் சொன்னாயாம். முழங்கால் ஏலாமல் மலையில் இருந்துவிட்ட தன்னை, மற்றவர்கள் போன பிறகும் விட்டுவிட்டுப் போகாமல் நின்றவன் இந்தப் பெடியன்தான் என்று யூட் ஜெசிந்தாவுக்குச் சொன்னவர். இரண்டு பேரில் ஒருவர் பொய் சொல்கிறீர்கள். எனக்கு இரண்டு கதையும் பிடிக்கும். சனிக்கிழமை அவர் முன் வரிசையில் இருக்க வேண்டும், காலை நீட்ட இடம் விட்டு.

நீ இன்னும் சில இரவுகளில் கத்தி எழும்புவது எனக்குத் தெரியும், சுவர் மெல்லியது. இனி அதைக் கேட்கப்போகிறவள் ஷரோன். அவளுக்கு ஏன் என்று தெரியும். அந்த ஒன்றுக்காகவே போன ஞாயிற்றுக்கிழமையிலிருந்து நான் நிம்மதியாக மூச்சு விடுகிறேன். நீ வந்து சேர்ந்த நாளில்கூட எனக்கு இவ்வளவு நிம்மதி இருக்கவில்லை. அன்றைக்கு உன் உடம்புதான் வந்தது. போன ஞாயிற்றுக்கிழமைதான் நீ முழுதாக அந்தக் காட்டை விட்டு வெளியில் வந்தாய் என்று எனக்குத் தோன்றுகிறது. நீ ஒஷாவாவுக்குப் போவதை நினைத்து நேற்று நான் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தபோது அப்பா வந்து தோளில் தட்டினார். "இஞ்சேரும், அழாதையும். ஒஷாவா வரைக்கும் நல்ல றோட்டு இருக்கு" என்றார். மேப்பையும் காட்டினார்.

சனிக்கிழமை செவ்வாய்க்கிழமை இல்லை, எனக்குத் தெரியும். அந்தோனியார் பொறுத்துக்கொள்வார், என்னுடைய எத்தனையோ கதைகளைப் பொறுத்தவர். பூசை முடிந்து நீங்கள் இரண்டு பேரும் வெளியில் வரும்போது கோயில் வாசலில் நானும் ஜெசிந்தாவும் பணிஸ் கூடையோடு நிற்போம். கலியாண வீட்டில் பணிஸா என்று ஷரோனின் ஆட்கள் சிரித்தால் சிரிக்கட்டும். வழக்கத்தை நான் ஒரு இடத்தில் மட்டும் உடைக்கப்போகிறேன். சும்மா வாங்கிச் சிலுவை போட்டுக்கொண்டு நழுவுகிற ஒருவரையும் விடமாட்டேன். என்னத்துக்கு என்று கேட்டால்தான் பணிஸ். கேட்கிற ஒவ்வொருவருக்கும், சத்தமாக, உன் பெயரையும் அந்தக் காட்டின் பெயரையும் சொல்லிக் கொடுப்பேன்.

முதல் பணிஸ் உனக்கு. கையை நீட்டுமுன் கேள், மகன். எத்தனை வருடமாக அந்தக் கேள்விக்குக் காத்திருக்கிறேன்.

சத்தமாகச் சொல்லப்போகிற,
அம்மா